மிருகாஸ்பத்திரியில் நான் ஊமையான கதை

தெரியாது என்கிற சொல்லை என் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லைங்க. வழி கேட்டால், நான் போகாத ஊருக்கும் வழி சொல்வேன். (போய்ச் சேர்ந்தார்களா என்று யாரும் திரும்பி வந்து சொன்னதில்லை.) இந்த வாயைக் கொண்டுபோய் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டது கோயமுத்தூரில் இருக்கும் என் மருமகள். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஆடு, மாடு, நாய், பூனை வளர்க்கிறவர்கள் எல்லாம் கூடின குழு அது.

எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். ஒரு வரி முடிப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிடும். அதனால் எனக்கு எல்லாம் பேச்சுத்தான். பட்டனை அமுக்கிப் பிடித்து, "ஏனுங்க, நாஞ் சொல்றனுங்க, கேட்டுக்கோங்க" என்று ஆரம்பித்தேன் என்றால், கன்னுக்குட்டிக் கழிச்சலுக்கும் மருந்து உண்டு, கோழிச் சளிக்கும் மருந்து உண்டு. பாதி மருந்து பேசப் பேசத்தான் எனக்கே தெரியவரும்.

எங்கள் மிருகாஸ்பத்திரி டாக்டரும் அந்தக் குழுவில் இருந்தது. சின்ன வயசுப் பொண்ணு. யார் என்ன கேட்டாலும், "பாக்காம மருந்து சொல்லக் கூடாதுங்க, கூட்டிட்டு வாங்க" என்றே சொல்லும். எனக்கு அது பிடிக்கவில்லை. தெரிந்தால் சொல்ல வேண்டியதுதானே? ஒரு நாள் பட்டனை அமுக்கினேன்.

"ஏனுங்க, நாஞ் சொல்றனுங்க, கேட்டுக்கோங்க. இந்த டாக்டர்ப் புள்ளைய ஒரு மாடாச்சும் ஒதைச்சிருக்குமா? பொஸ்தகத்துல இருக்கற மாடு ஒதைக்காதுங்க."

சிரிக்கிற மூஞ்சிகளாக வந்து விழுந்தன. அன்றைக்கு நான் இன்னொரு கரண்டி சோறு போட்டுத் தின்றேன். டாக்டர் பதில் பேசவில்லை. தோத்துப்போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

வெயில் ஏறின மாசம் வந்தது. எங்கள் நாய்க்குத் தொரை என்று பேர். உண்மையில் அது என் வீட்டுக்காரருடைய நாய். தென்னந்தோப்புக்குத் தண்ணி கட்ட அவர் கிளம்பினால் முன்னால் தொரை, பின்னால் அவர். (யார் யாரை வளர்க்கிறார்கள் என்றே தெரியாது.) அது ஓயாமல் சொறிந்துகொண்டிருந்தது. உடம்புச் சூடு என்று முடிவுகட்டி, சின்ன வெங்காயத்தைத் தட்டி மோர்ச்சோற்றில் பிசைந்து வைத்தேன். சூட்டுக்குச் சின்ன வெங்காயம் தின்னாதவர் எங்கள் பக்கம் யார் இருக்கிறார்? மனுசனுக்கு ஆவது நாய்க்கு ஆகாதா? குழுவிலும் சொல்லிவிட்டேன்.

தொரை சோர்ந்து படுத்தது. சூடு இறங்குகிறது என்று சந்தோசப்பட்டு, மறுநாள் இன்னொரு கை கூட்டிப் போட்டேன்.

ஒரு நாள் விடிந்தும் அது எழுந்திருக்கவில்லை. மூத்திரம் பால் ஊற்றாத கட்டங்காப்பி நிறத்தில் போனது. என் வீட்டுக்காரர் பெட்டி ஆட்டோவைக் கூட்டிவந்து, அதைத் துண்டில் ஏந்தி ஏற்றினார்.

"ஏறு புள்ள, ஆஸ்பத்திரிக்கு."

எனக்குப் பாதிப் பயம் தொரைக்காக, பாதிப் பயம் என் குரலுக்காக. வாயைத் திறந்தால் அந்த டாக்டருக்கு ஆள் தெரிந்துவிடுமே! சேலைத் தலைப்பைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, தொண்டை கட்டிவிட்டது என்று சைகை காட்டினேன்.

"கலியாணம் பண்ணுன நாளா இல்லாம இன்னைக்குத்தான் கட்டுச்சா?" என்றார் அவர். "முன்னயே கட்டியிருக்கக் கூடாதா?"

டாக்டர் தொரையின் உதட்டைத் தூக்கிப் பார்த்தது. ஈறு சுண்ணாம்பாட்டம் வெளுத்திருந்தது. "வெங்காயம், பூண்டு ஏதாச்சும் சோத்துல சேத்தீங்களா?" என்று கேட்டது.

"சோறு வெக்கறது இவதானுங்க" என்று அவர் என்னைக் காட்டினார்.

நான் தலையாட்டினேன். இல்லை என்று. நன்றாக, அழுத்தி.

"அப்ப உண்ணிக் காய்ச்சலாத்தான் இருக்கணும். ரத்தம் எடுத்து அனுப்பறேன். ரிசல்ட்டு வர்ற வரைக்கும் தாங்காது, ஊசி போட்டுடலாம்." டாக்டர் ஊசியில் மருந்தை ஏற்றியது. தொரையின் தலை அவர் மடியில் கிடந்தது. "பொழைச்சுக்குமுங்களா, டாக்டரம்மா?" என்று அவர் கேட்டார். அவருக்கு அப்படி ஒரு குரல் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

என்னால் தாங்க முடியவில்லை. கத்திவிட்டேன். பழகின வாய், பழகின பேச்சுத்தான் வந்தது:

"ஏனுங்க, நாஞ் சொல்றனுங்க, கேட்டுக்கோங்க!"

வராண்டாவில் மாட்டோடும் ஆட்டோடும் நின்ற கூட்டம் அத்தனையும் திரும்பியது. "அட, நம்ம குரூப்பு அம்மா!" என்று ஒருத்தர் சிரித்தார். என் வீட்டுக்காரர், "தொண்டை தொறந்துருச்சு" என்றார்.

"வெங்காயமுங்க" என்றேன். "நாந்தானுங்க. தெனமும் போட்டேன்."

டாக்டர் ஊசியைக் கீழே வைத்தார். திட்டவில்லை. "வெங்காயம் நாய்க்கு ரத்தத்தையே உடைச்சிருமுங்கம்மா. இப்பவாச்சும் சொன்னீங்களே" என்றார். குளுக்கோஸ் ஏற்றினார். ரொம்ப நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தார். எழுந்தபோது விலாவைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "மாடு ஒதைச்சிருக்குங்கம்மா. மழை வந்தா இன்னும் வலிக்கும்."

நான் சிரிக்கப் போனேன். அப்போது வராண்டாவிலிருந்து ஒரு பொம்பளை உள்ளே வந்தாள். கையில் துண்டு சுற்றின நாய்க்குட்டி.

"ஏனுங்கம்மா, அப்ப அந்த வெங்காயம் குடுக்கக் கூடாதுங்களா? குரூப்புல நீங்க சொன்னீங்கன்னுதானுங்க குடுத்தேன்."

டாக்டர் குட்டியை வாங்கிக்கொண்டார். என்னென்னவோ செய்து பார்த்தார்.

தொரை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்து தேறிவிட்டது. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போன மறுநாளே குழுவில் அந்தப் பொம்பளையின் வரி ஒன்று வந்தது. மருமகளைக் கூப்பிடாமல் நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். கு, ட், டி. குட்டி போயிருச்சுங்க. அவ்வளவுதான். என் பேரைக்கூட அவள் போடவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குத் தொண்டை நிஜமாகவே கட்டிக்கொண்டது.

இப்போது யாராவது மருந்து கேட்டால், "டாக்டரம்மாகிட்டக் காட்டுங்க" என்பதோடு முடித்துக்கொள்கிறேன். "இதைச் சொல்லவா இத்தாப்பெரிய தொண்டை?" என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார். சாம்பாருக்கு வெங்காயம் உரித்தால், "ஏந் தொரை, பந்திக்குக் கூப்படறாங்க பாரு" என்கிறார்.

சொந்தக்காரர் வீட்டு விசேசம் எதுவானாலும் நான் ஊமையான கதையை அவர் எடுத்துவிடுவார். தலைப்பைக் கழுத்தில் சுற்றுவது போல் துண்டைச் சுற்றிக் காட்டுவார். நான் கத்தின இடத்தில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். "அப்பறம் என்னாச்சுங்க?" என்று யாராவது கேட்டால் மட்டும் அவர் என் பக்கம் திரும்பாமல், "ஏம்புள்ள, கொஞ்சம் தண்ணி கொண்டா" என்பார்.

நான் எழுந்து போய்க் கொண்டுவருவேன்.