சிரித்த முகமும் சேமித்த கையும்

மதிப்புக்குரிய மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். என் முட்டியும் வீட்டுக் குழாயும்தான் வழக்கம்போல் தகராறு, இரண்டுக்கும் பழகிவிட்டோம். அங்கு நீங்களும் என் மகளும் நலம் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தை அவளிடம் காட்டிவிடாதீர்கள். காட்டினால் அரை மணியில் அத்தையின் காதுக்கு வந்துவிடும்.

போன முறை வந்தபோது சமையலறையில் ஒரு படம் எடுத்து என் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தீர்களே, அத்தை வாய்விட்டுச் சிரிக்கிற படம், கேமராவைக் கண்டாலே அடையாள அட்டைக்கு நிற்பதுபோல் நிற்கிற மனுஷி சிரித்து மாட்டிக்கொண்ட ஒரே படம் அதுதான். அடுத்த மாதம் எங்கள் கல்யாண நாளுக்கு அதைப் பெரிதாக்கி ஹாலில் மாட்டி அவளை அசத்தத் திட்டம் போட்டேன். தினமும் அவள் நடக்கப் போனதும் படத்தைத் திறப்பேன், ஒரு நாள் வெளிச்சத்தைக் கூட்டுவேன், மறுநாள் அதிகமோ என்று குறைப்பேன், ஓரத்தில் தெரிகிற துடைப்பத்தை ஒரு நூல் வெட்டுவேன், மூடுமுன் மறக்காமல் சேமிப்பேன், சந்தேகத்துக்கு இன்னொரு தடவையும் சேமிப்பேன். வேலையில் இருந்த காலமெல்லாம் கிடங்குப் பூட்டைப் பூட்டிப் பூட்டி இழுத்துப் பார்த்த கை மாப்பிள்ளை, ஓய்வு பெற்றால் மட்டும் சும்மா இருக்குமா?

படம் மங்கி, கட்டம் கட்டமாகத் தெரியத் தொடங்கியது. கண்ணில்தான் கோளாறு என்று டாக்டரிடம் போய்ப் புதுக் கண்ணாடி போட்டேன். அதில் மங்கல் தெளிவாகத் தெரிந்தது. பிரிண்ட் கடைக்காரம்மா பார்த்துவிட்டு, "என்ன சார், பாத்ரூம் டைல்ஸா?" என்றார். விவரம் சொன்னதும் பாவம், அவரே பதறிவிட்டார். "ஜேபெக் படம் ஒவ்வொரு தடவ சேவ் பண்ணும்போதும், கண்ணுக்குத் தெரியாதுன்னு கொஞ்சத்த தூக்கிப் போட்டுட்டுதான் மூட்டை கட்டும். நீங்க தினம் பிரிச்சுப் பிரிச்சுக் கட்டியிருக்கீங்க."

"எதையும் தூக்கிப் போடாத வகை கிடையாதாம்மா?"

"பிஎன்ஜி இருக்கு சார். ஆனா..."

ஆனாவைக் கேட்க யார் நின்றார்கள்? வீட்டுக்கு ஓடிவந்து பிஎன்ஜியாக மாற்றினேன். அது நாணயமான வகைதான், மிச்சமிருந்த டைல்ஸை ஒன்று விடாமல் பத்திரப்படுத்தியது, கோப்பு மட்டும் ஆறு மடங்கு வீங்கிவிட்டது. வீக்கம் வற்றட்டும் என்று கோப்பைச் சுருக்கும் ஜிப்பில் போட்டேன். பிழிந்த துணியை மறுபடி பிழிந்த கதை, சொட்டுக்கூட இறங்கவில்லை.

சிரிப்பு இருந்த இடத்தில் இப்போது நாலு சாம்பல் கட்டங்கள். பார்த்தால் எனக்கு அழுகை வருகிறது மாப்பிள்ளை. அசல் உங்களிடம் இருக்குமே, அனுப்பி வையுங்கள். இனி அதன்மேல் கையே வைக்க மாட்டேன், சேமிக்கிற பொத்தான் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன். இது சத்தியம்.

வேளைக்குச் சாப்பிட்டு, சண்டை போட்டாலும் சீக்கிரம் சமாதானமாகி, இருவரும் நிறைவாக வாழுங்கள்.

அன்பும் பதற்றமும் குறையாத
மாமனார்

பி.கு.: அசல் வேண்டாம். உறையைத் தேடி நான் எழுந்த நேரம் பார்த்து அத்தை திரும்பி வந்து திரையைப் பார்த்துவிட்டாள்.

"என்னங்க, யாரு இது?"

"நீதான்."

"நானா? என் மூக்கு எங்கங்க?"

"தினம் கொஞ்சமா நானே சேமிச்சுத் தீத்துட்டேன்."

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் மாப்பிள்ளை, உங்கள் படத்தில் சிரித்ததைவிடக் கூடுதலாக, கண்ணில் நீர் வர. நல்லவேளை, போன் கையில் இருந்தது, எடுத்துவிட்டேன். வெளிச்சம்தான் ஒரு பொட்டு கம்மி. லேசாகக் கூட்டிச் சேமித்திருக்கிறேன். சரியாகச் சேமிக்கப்பட்டதா என்று தெரியவில்லை. இன்னொரு தடவை சேமித்துவிட்டு வந்து உறையை ஒட்டுகிறேன்.