காதுகுத்துக்கு ஒரு பவர் ஆம்ப்

தல்லாகுளத்தை ஒட்டிய எங்கள் காலனியில் ஒரு வீடு முழுமை பெற்றதாகக் கருதப்பட முன்பெல்லாம் ஒரு பூஜையறை போதும். பிறகு மாடுலர் கிச்சன் வேண்டும் என்றார்கள். இப்போது ஹோம் தியேட்டர் இல்லாத வீட்டில் பெண் எடுக்கலாமா என்று யோசிக்கும் அளவுக்கு நாகரிகம் முன்னேறியிருக்கிறது. அதில் படம் பார்த்தே ஆக வேண்டும் என்பதில்லை. கருப்புத் திரைச்சீலையும் சாயும் சோபாவும் ஆளுயர ஸ்பீக்கரும் இருந்தால் போதும். விருந்தாளிகள் எட்டிப் பார்த்து, "அம்புட்டும் இம்போர்ட்டடா?" என்று கேட்டுவிட்டு ஹாலுக்கு வந்து காபி குடிப்பார்கள்.

நாகசுப்பிரமணியன் இந்த இயக்கத்தில் கொஞ்சம் தாமதமாகச் சேர்ந்தார். அரசுத் துறை ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து, உரிய வழியில் வராத மனுக்களை முப்பது வருடம் திருப்பி அனுப்பி ஓய்வு பெற்றவர். தாமதத்தை ஈடுகட்ட, காலனியிலேயே பெரிய ஸ்பீக்கர்களாக வாங்கினார். அவற்றுக்கு ஒரு குணம் இருந்தது. கரண்டை வாங்கு வாங்கு என்று வாங்கும். சத்தத்தை யோசித்துத்தான் கொடுக்கும். அவர் வேலை பார்த்த துறையை அறிந்தவர்கள் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அந்த ஸ்பீக்கர்களை ஓட்ட வேண்டியது ரிசீவர் என்கிற பெட்டி. படத்தில் காதலர்கள் கிசுகிசுக்கும்வரை நன்றாக ஓடும். சண்டையோ இடியோ வந்தால் 'டிக்' என்று ஒரு சத்தம். பெட்டி தன்னைக் காப்பாற்றிக்கொண்டு அணைந்துவிடும். நாகசுப்பிரமணியனுக்குக் கோபம் வரவில்லை. வேலை வந்ததும் மெடிக்கல் லீவு போடுகிறவர்களோடு காலம் தள்ளியவர் அவர்.

கோபம் வந்தது அவர் மனைவி சாரதாம்பாளுக்கு. மகள் ரம்யாஸ்ரீ சென்னையில் சினிமாவில் நடிக்கிறாள். "பொம்பளப் பிள்ளையச் சினிமாவுக்கு விட்டுட்டு எப்படித்தான் தூங்குறியோ" என்று சொந்தக்காரர்கள் கேட்காத விசேஷ வீடு இல்லை. அந்தப் பெண் நர்ஸாக நடித்த படம் அப்போதுதான் ஓடிடியில் வந்திருந்தது. அவளுக்கு ஒரே ஒரு வசனம். குண்டு வெடித்துக் கட்டடம் சரிந்ததும், அடிபட்டுக் கிடக்கும் கிழவியின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டும். அந்த வசனத்தைச் சொந்தக்காரர்கள் அத்தனை பேரின் காதிலும் போட்டுவிட வேண்டும் என்பது சாரதாம்பாளின் ஒரே ஆசை. ஆனால் குண்டு வெடித்ததும் ரிசீவர் அணைந்துவிடும்.

"சத்தத்தக் குறைச்சு வச்சுப் பார்ப்போமேங்க."

"குறைச்சு வைக்கிறதுக்கா ஆளு உசரத்துக்கு ஸ்பீக்கர் வாங்குனோம்?"

"அப்ப குண்டு வெடிக்கிறதத் தள்ளிவிட்டுட்டு..."

"குண்டு வெடிக்காம நர்ஸு எதுக்கு வாரா? எதையும் உரிய வரிசைப்படிதான் பார்க்கணும் சாரதா."

ஃபோனில் பார்ப்பது பற்றியும் பேச்சு வந்தது. ஃபோனில் மகள் கட்டைவிரல் அளவுதான் தெரிவாள் என்று அந்தக் கோரிக்கையும் நிராகரிக்கப்பட்டது.

பழங்காநத்தத்தில் ஸ்பீக்கர் விற்ற சித்தார்த் வந்து பார்த்தான். காதில் வளையமும் கழுத்தில் ஹெட்போனுமாக இருந்த அவனை இந்த வட்டாரத்தில் ஒலி ஆலோசகர் என்றே சொல்வார்கள். "சார், ரிசீவர்ங்கிறது மூளை. மூளைய மூட்டை தூக்கச் சொன்னா தூக்குமா? தூக்குறதுக்குத் தனியா ஒரு ஆள் வேணும். அதுதான் பவர் ஆம்ப்ளிஃபையர். ரிசீவர் உத்தரவு மட்டும் போடும், இது வேலை செய்யும்."

இந்த ஏற்பாடு நாகசுப்பிரமணியனுக்கு உடனே விளங்கியது. புதிய பணியிடம் ஒன்றுக்கு மனதளவில் ஒப்புதல் கொடுத்தார்.

எந்த ஆம்ப் என்பதுதான் கேள்வி. எங்கள் காலனிச் சங்கச் செயலாளர் சிவக்குமார் இதில் அனுபவஸ்தர். தொழில் ரியல் எஸ்டேட். "அண்ணே, வாட்ஸ் அது இதுன்னு காகிதத்துல என்ன வேணா போடுவான். நல்ல ஆம்புக்கு அடையாளம் வெயிட்டு. தூக்கிப் பார்த்துருவோம்" என்றார். நானும் கூடப் போனேன். கடையில் வரிசையாக வைத்திருந்த பெட்டிகளை சிவக்குமார் ஒவ்வொன்றாகத் தூக்கினார். பல பெட்டிகள் சுலபமாக எழும்பி, தகுதி இழந்தன. கடைசிப் பெட்டியில் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அவரை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, அந்த நிறுவனத்தின் ஆம்ப்தான் என்று தீர்மானித்தோம்.

அதில் இரண்டு சேனலும் உண்டு, ஏழு சேனலும் உண்டு. எத்தனை ஸ்பீக்கரை ஓட்டலாம் என்பதுதான் சேனல் கணக்கு. வேறு யாராவதாக இருந்தால் ஒன்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். நாகசுப்பிரமணியன், தனியாக ஒன்றைப் பொருத்துவதற்கு அனுமதி தேவையா என்று தெரிந்துகொள்ளத் தல்லாகுளத்தில் ஒலிபெருக்கி அனுமதிப் பிரிவுக்குப் போனார். கேட்காமல் இருந்திருந்தால் அனுமதி தேவைப்பட்டிருக்காது. கேட்டதால் தேவைப்பட்டது.

அங்கே அழகுபாண்டி என்கிற உதவியாளர் இருந்தார். விவரத்தைக் கேட்டுவிட்டு விதியை விளக்கினார்.

"ஆம்ப்ளிஃபையர் பெட்டிக்குள்ளயே இருந்தா வீட்டுச் சாமான் சார். தனியா இருந்தா மைக்செட்."

"இதுல மைக்கே கிடையாதே."

"மைக் இல்லாத மைக்செட்டுன்னு எழுதிக்கிருவோம். என்ன விசேஷம்?"

"விசேஷமெல்லாம் இல்ல. படம் பார்க்கத்தான்."

அழகுபாண்டி பேனாவை மூடினார். "விசேஷம் இல்லாம மைக்செட் போட்டா எதுக்குச் சத்தம்னு பொதுமக்களுக்குத் தெரியாது. குழம்பிருவாங்க. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, சாமி கும்பிடு, துக்கம், இதுல ஒண்ணு சொல்லுங்க. துக்கம்னா இன்னைக்கே கையெழுத்தாயிரும்."

நாகசுப்பிரமணியன் வீட்டில் இருப்பவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தார். எல்லோரும் தேவைப்பட்டார்கள்.

"கல்யாணத்துக்கு எத்தனை ஸ்பீக்கர் சார்?"

"ஏழு வரைக்கும்."

"காதுகுத்துக்கு?"

"ரெண்டுதான்."

வீட்டுக்கு வந்து மகன் பாலகணேஷை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மாடியறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பாலகணேஷுக்கு அதுவரை கல்யாணப் பேச்சே எடுத்ததில்லை.

"அப்பா, ஏழு சேனலுக்காக என்னால கல்யாணம் பண்ண முடியாது."

"நல்ல ஆம்புடா. வருசக்கணக்கா உழைக்கும்."

"கல்யாணமும் அப்படித்தான்ப்பா."

ஆகவே காதுகுத்து, ஆகவே இரண்டு சேனல். முன்னால் நிற்கும் இரண்டு பெரிய ஸ்பீக்கர்தான் ரிசீவரைச் சாகடிக்கிறது, மற்றவற்றை அதுவே சமாளிக்கும், எனவே தொழில்நுட்ப ரீதியிலும் இரண்டு சேனல்தான் சரி என்று சித்தார்த் சொன்னான். அரசு விதிகள் என்றைக்கும் மக்கள் நலனுக்காகவே வகுக்கப்படுகின்றன என்று நாகசுப்பிரமணியன் எங்களுக்கு எடுத்துச் சொன்னார்.

வீட்டில் குழந்தை இல்லாததால் காதைத் தானே கொடுப்பதென்று முடிவு செய்தார். மறுபடி அந்தப் பிரிவுக்குப் போய்ச் சொன்னதும், அழகுபாண்டி எழுந்து வந்து இரண்டு காதையும் பரிசோதித்தார்.

"ஏற்கனவே குத்தியிருக்கே சார்."

"சின்ன வயசுல குத்துனது. தூர்ந்து போச்சு."

"அப்பச் சரி. புதுப்பித்தல்னு போட்டுக்கிருவோம். பத்திரிகை ஒரு காப்பி வேணும். தாய்மாமன் மடியில உட்கார்ந்து குத்தணும், இல்லாட்டி தணிக்கையில கேப்பாங்க."

தாய்மாமன் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிவிட்டது. அவருடைய மகன் சூரியபிரகாஷ் வாரிசு அடிப்படையில் மடி தர ஒப்புக்கொண்டார். பத்திரிகை அடித்தவர் வழக்கமான அச்சையே வைத்து, 'எங்கள் அன்புச் செல்வன் நாகசுப்பிரமணியனுக்கு' என்று போட்டுவிட்டார். அறுபதைத் தாண்டிய செல்வனுக்கு அதில் மறுப்பு ஒன்றும் இல்லை. சாரதாம்பாள் அந்தப் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு சொந்தக்காரர்கள் வீடு வீடாக ஏறி இறங்கினாள். "காதுகுத்தெல்லாம் சும்மா. எம்பிள்ளை பேசுறதக் கேக்க வாங்க" என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த அறை நிறைந்துவிட்டது. அவனியாபுரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் ஒரு கூட்டமே வந்தது. அழகுபாண்டி ஆய்வுக்காக வந்து முதல் பந்தியிலேயே சாப்பிட்டிருந்தார். சிவக்குமார் இடுப்பில் பெல்ட்டோடு வந்து ஆம்பைத் தடவிப் பார்த்தார். திரைக்கு எதிரே சூரியபிரகாஷ் நாற்காலியில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவர் மடியில் மாலையும் கழுத்துமாக நாகசுப்பிரமணியன் உட்கார்ந்தார். பக்கத்தில் ஆசாரி கம்பியோடு நின்றார். மைக்செட் பாடிக்கொண்டிருக்கும்போதே குத்த வேண்டும் என்பது நிபந்தனை.

படம் ஓடியது. காதலர்கள் கிசுகிசுத்தார்கள். பிறகு குண்டு வெடித்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, அடுப்படியில் ஒரு தட்டு விழுந்தது, திடுக்கிட்ட ஆசாரி குத்திவிட்டார். நாகசுப்பிரமணியன் அலறியதை அவர் வாய் அசைந்ததை வைத்துத்தான் தெரிந்துகொண்டோம். ஆனால் எதுவும் அணையவில்லை. அந்த ஆம்ப் ஆடாமல் அசையாமல் நின்று வேலை செய்தது. அரசாங்கம் அனுமதித்த ஒன்று வேலை செய்வதை நாங்கள் வெகுநாள் கழித்துப் பார்த்தோம்.

திரையில் புகைக்கு நடுவே ரம்யாஸ்ரீ வந்தாள். கிழவியின் கையைப் பிடித்தாள். "பயப்படாதீங்கம்மா, நான் இங்கேயேதான் இருக்கேன்." ஒவ்வொரு எழுத்தும் கண்ணாடி மாதிரி விழுந்தது. மூச்சு விட்டதுகூடக் கேட்டது.

"அப்படியே நம்ம ரம்யா," என்றார் சூரியபிரகாஷ், மடியிலிருந்தவருக்குப் பின்னாலிருந்து. எல்லோரும் அதையே சொன்னோம்.

சாரதாம்பாள் மட்டும் திரையைப் பார்த்தபடி நின்றாள். "இது எம்பிள்ளை குரல் இல்ல" என்றாள்.

முதலில் பொறுப்பை ஏற்றவன், ஆம்பைப் பொருத்த வந்திருந்த சித்தார்த். "புது ஆம்புமா. கொஞ்ச நாள் ஓடணும். ஓட ஓட உங்க பொண்ணு குரலுக்கு வந்துரும்."

"வயர மாத்துனா இப்பவே வந்துரும்" என்றார் சிவக்குமார்.

அனுமதி ஆணையில் குரலைப் பற்றி நிபந்தனை எதுவும் இல்லை என்பதை அழகுபாண்டி தெளிவுபடுத்தினார். காதில் மஞ்சளோடு எழுந்த நாகசுப்பிரமணியன், ஏழு சேனல் வாங்கியிருந்தால் இந்தக் குறை வந்திருக்காது என்று மகனைப் பார்த்தார்.

பாலகணேஷ் ஃபோனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு, அம்மா சொன்னதைச் சொன்னான். ரம்யாஸ்ரீ அம்மாவிடமே பதில் சொன்னாள். "டப்பிங்ல வேற ஒருத்தங்களப் பேச வச்சுட்டாங்கம்மா. எங்குரல்ல மதுரை வாடை அடிக்குதாம். சொன்னா நீ வருத்தப்படுவேன்னுதான் சொல்லல."

சொந்தக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சாரதாம்பாள் ஃபோனை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். "அந்தக் கிழவிகிட்ட சொல்றத நீ ஒரு தடவ சொல்லு தாயி."

"இப்பவாம்மா?"

"ம்."

"பயப்படாதீங்கம்மா," என்றாள் ரம்யாஸ்ரீ. குரல் லேசாகக் கரகரத்தது. "நான் இங்கயேதான் இருக்கேன்."

சாரதாம்பாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் ஆசைப்பட்டபடியே சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் அதைக் கேட்டுவிட்டார்கள்.

பிறகு சிவக்குமார் தொண்டையைச் செருமினார். "குரலெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அடியில அதிர்ற பேஸ்தான் பத்தல" என்றார்.

ஆமாம் என்று நாங்கள் அத்தனை பேரும் தலையாட்டினோம்.