ஜாப் கார்டுக்கு முன்னால் பிள்ளையார்

டெல்லியிலிருந்து வந்த பெரிய அதிகாரியின் கண்ணெதிரே, புத்தம் புதுக் கம்ப்யூட்டர் ஒன்றை அடுத்தடுத்து மூன்று முறை நிற்கவைத்த பெருமை எனக்கு உண்டு. வைரஸ் என்ற வார்த்தையே அப்போது காய்ச்சல்காரர்களுக்கு மட்டும்தான் சொந்தம். நான் பிள்ளையாரை வைத்தே நிறுத்தினேன்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. எனக்கு வயது இருபத்து மூன்று. அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து தி. நகரில் எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்தவர். நான் கணக்கில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு அடையாறில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். அங்கே இரண்டு பீரோ அகலத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதன்மேல் எனக்குக் காதல் வந்துவிட்டது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாம் அதன் பக்கத்திலேயே கிடந்து புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டேன். (டிபன் டப்பாவில் தயிர்சாதம் அப்படியே வீட்டுக்குத் திரும்பிப் போகும். அம்மா எனக்கு மஞ்சள்காமாலை என்றே முடிவு கட்டிவிட்டாள்.)

அந்தக் காலத்தில் புரோகிராம் என்றால் அட்டைக் கட்டு. ஒரு வரிக்கு ஒரு கார்டு, கார்டு முழுக்க ஓட்டைகள். நமக்கும் பழைய மெஷினுக்கும் நடுவில் மேனேஜர் என்று யாரும் கிடையாது. கட்டை வைத்து பட்டனை அமுக்கினால் முதல் கார்டிலிருந்து மடமடவென்று படிக்கும். கார்டின் முதல் கட்டத்தில் 'சி' என்று அடித்திருந்தால், அது மனுஷர்களுக்கான குறிப்பு, நமக்கில்லை என்று தாண்டிப் போய்விடும். அந்த இடத்தில்தான் நான் பிள்ளையாரை உட்கார வைத்தேன். என் ஒவ்வொரு கட்டின் முதல் கார்டிலும் ஒரு 'சி' போட்டு, பின்னாலேயே 'பிள்ளையார் துணை' என்று ஆங்கில எழுத்தில் அடித்துவிடுவேன். அப்பா மளிகைச் சீட்டுக்குக்கூட உச்சியில் பிள்ளையார் சுழி போடாமல் பேனாவை நகர்த்த மாட்டார். அவர் பெண் நான், வேறு எப்படி இருப்பேன்?

இந்தச் சமயத்தில் புது மெஷின் வந்து இறங்கியது. அடேயப்பா! கண்ணாடித் தடுப்பு, ஏசி, வாசலிலேயே செருப்பைக் கழற்ற வேண்டும் என்ற சட்டம். புது மெஷினுக்கு உள்ளே ஆபரேடிங் சிஸ்டம் என்று ஒன்று இருந்தது. தாலுகா ஆபீஸ் ஹெட்கிளார்க் மாதிரி அது. முதலில் ஜாப் கார்டு கொடுத்து, நீ யார், என்ன வேலையாக வந்தாய் என்று சொன்னால்தான் மேற்கொண்டு பேசும்.

அதோடு டைரக்டர் ஒரு குண்டையும் போட்டார். புது மெஷினுக்கு ஒரே ஒரு புரோகிராமர்தான். பழைய மெஷினில் எழுதிப் பழகியவர்களோ இரண்டு பேர்: நானும், இன்னொரு டைப்பிஸ்ட் மயிலாப்பூர் கேசவனும். திறப்பு விழா அன்று இருவரும் பழைய புரோகிராமைப் புது மெஷினில் ஓட்டிக்காட்ட வேண்டும். நன்றாக ஓட்டுகிறவருக்கு வேலை. மற்றவர் டைப்ரைட்டருக்கே திரும்ப வேண்டியது.

என் புரோகிராம் பிறந்த தேதியைக் கொடுத்தால் கிழமையை ஆங்கிலக் கொட்டை எழுத்தில் அச்சடிக்கும். கேசவனுடையது நட்சத்திரக் குறிகளாலேயே ஒரு கோயில் கோபுரத்தை வரையும். இரண்டும் பழைய மெஷினில் அமர்க்களமாக ஓடியவை. புது மெஷினிலோ ஒன்றுகூட நகரவில்லை. கார்டில் ஓட்டை போடுகிற பழைய துளை மெஷினில் அடித்த கூட்டல் குறியைப் புதுசு வேறு எதுவாகவோ படித்தது. அடைப்புக் குறியெல்லாம் சதவீதக் குறியாகிவிட்டது. மூன்று வாரம் உட்கார்ந்து இருநூறு சொச்சம் கார்டையும் மறுபடி அடித்தேன். விரல் நுனி வீங்கிப்போய் அம்மா விளக்கெண்ணெய் தடவிவிட்டாள். கடைசியில் சோதனை ஓட்டத்தில் 'வெள்ளிக்கிழமை' என்று அச்சாகி வந்தபோது நான் போட்ட கூச்சலில் பக்கத்து அறை ஸ்டோர்கீப்பர் தீ என்று நினைத்து வாளியோடு ஓடி வந்தார்.

ஒன்றைக் கவனித்தீர்களா? சோதனை ஓட்டத்தில் நான் பிள்ளையார் கார்டு வைக்கவில்லை. சும்மா சோதனைக்கெல்லாம் அவரைத் தொந்தரவு செய்வானேன் என்று விட்டிருந்தேன்.

விழா அன்று அப்பா பட்டுக்கரை வேட்டியில், கையில் தேங்காயோடு வந்துவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னதும் அவருக்கு ஏக திருப்தி.

"கோயில் மாதிரில்லா வச்சிருக்காங்க" என்றவர், என்னைத் தனியே இழுத்துக் கேட்டார். "ஏட்டி செண்பகம், பிள்ளையார் சுழி போட்டியா?"

எனக்குப் பகீரென்றது. ஓடிப்போய் ஒரு பிள்ளையார் கார்டு அடித்தேன். ஜாப் கார்டுதான் முதலில் வர வேண்டும் என்று எனக்குத் தெரியும். சத்தியமாகத் தெரியும். ஆனால் பிள்ளையார் கார்டு குறிப்புக் கார்டுதானே, மெஷின் அதைக் கணக்கில் எடுக்காதே! பழைய மெஷினில் மூன்று வருஷம் பழகிய திமிர். கட்டின் தலையில் பிள்ளையாரை வைத்தேன், அவருக்கு அடுத்து ஜாப் கார்டு.

மெஷினை இயக்குகிற ஆபரேட்டர் மஸ்தான் பாய் ஐஸ் ஹவுஸ் பேட்டைக்காரர். கட்டை வாங்கியவர் மேல் கார்டைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"யம்மா, ஒரு நிமிசம், இந்த மேல கீற கார்டு…"

"மஸ்தான், ப்ளீஸ்! கெஸ்ட் வெயிட்டிங்" என்றார் டைரக்டர். மஸ்தான் பாய் வாயை மூடிக்கொண்டு பட்டனை அமுக்கினார்.

சட சட… நின்றுவிட்டது. பக்கத்திலிருந்த டைப்ரைட்டர் தானாகவே கடகடவென்று ஒரு வரி அடித்தது. அடையாளம் தெரியாத கார்டு, ஜாப் ரத்து.

எனக்கு மேலெல்லாம் வேர்த்தது. (ஏசியில்! எல்லாரும் ஸ்வெட்டர் போட்டு நிற்கிற இடத்தில்!) ஜாப் கார்டைத்தான் தப்பாக அடித்துவிட்டேன் என்று நினைத்து, புதிதாக ஒன்று அடித்துச் செருகினேன். மறுபடியும் அதே வரி. டெல்லி அதிகாரி டைரக்டரைப் பார்த்தார். டைரக்டர் என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அப்பா இரண்டு விரலைத் தூக்கி, வாயசைத்துச் சொன்னார்: "இன்னொரு பிள்ளையார் போடு!"

நான் கணக்கில் பி.எஸ்ஸி., முதல் வகுப்பு. இருந்தும் போட்டேன். தலையில் இரட்டைப் பிள்ளையாரோடு மூன்றாம் முறை கட்டு உள்ளே போனது. டைப்ரைட்டர் அதே வரியை இரண்டு தரம் அடித்தது.

என் வாழ்க்கை முடிந்தது என்று சுவரோரம் ஒதுங்கினேன். கேசவன் எழுந்து வந்தான். நல்லவன், போகிற போக்கில் எனக்கு ஆறுதல் வேறு சொன்னான்.

"கவலைப்படாதே செண்பகம். எங்காத்துல எல்லாரும் வேண்டிண்டிருக்கா, என்னோடது ஓடிடும். நோக்கும் ஏதாவது வழி பிறக்கும்."

ஓடவில்லை. சட சட, நின்றது. டைப்ரைட்டர் அதே வரியை அடித்தது. எட்டிப் பார்த்தேன். கேசவன் கட்டின் தலையில் 'ஸ்ரீராமஜெயம்' கார்டு! அந்த நிமிஷம் எனக்குள் பொங்கிய ஆனந்தத்தை மறைக்க நான் பட்ட பாடு இருக்கிறதே, அது அவமானத்தைவிடப் பெரிய பாடு.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "வெரி இன்ட்ரஸ்டிங்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். டைரக்டர் பின்னாலேயே ஓடினார். அறையில் நானும் கேசவனும் மஸ்தான் பாயும்தான் மிச்சம். வெளியே தேங்காயோடு அப்பா.

"இப்ப நான் பேசலாமா?" என்றார் மஸ்தான் பாய். "அத்தத்தாம்மா நான் அப்பவே சொல்ல வந்தேன். மொத நாளு நானும் எங்க பிஸ்மில்லா நம்பரு எழுநூத்தி எம்பத்தாறு போட்ட கார்டை மேல வெச்சுத்தான் ஓட்டினேன். துப்பிடுச்சு. ஜாப் கார்டு உள்ள போனப்புறம்தான் இதுக்குக் குறிப்புன்னா இன்னான்னே தெரியுது. அதுக்கு முன்னால யார் வந்தாலும் அதுக்கு யாருன்னு தெரியாது. இப்ப எங்க வெக்கிறேன் பாரு." அவருடைய கட்டைப் பிரித்துக் காட்டினார். மேலே ஜாப் கார்டு. அதையடுத்து புரோகிராமை ஆரம்பிக்கச் சொல்லும் இரண்டு கார்டு. அதற்கும் பின்னால், பவ்யமாக, எழுநூற்று எண்பத்தாறு.

என் பிள்ளையாரையும் கேசவனின் ராமரையும் அவரே எடுத்து அதே இடத்துக்கு மாற்றினார். பட்டனை அமுக்கினார். பிரின்டர் ஆரவாரமாக ஆரம்பித்தது பாருங்கள், கேசவனின் கோபுரம் வரிவரியாக எழும்பியது. நான் அவன் கையைப் பிடித்துக் குதித்தேன், அவனும் குதித்தான், அப்புறம்தான் இருவருக்கும் வெட்கம் வந்தது.

என் புரோகிராமுக்குத் தேதி கொடுக்க அதிகாரி இல்லை. அப்பாவைக் கூப்பிட்டேன். பள்ளிக்கூட சர்டிபிகேட்டில் இருந்த தேதியைச் சொன்னார். காகிதத்தில் கொட்டை எழுத்தில் சனிக்கிழமை என்று வந்தது. அப்பா முகம் தொங்கிவிட்டது. ஐம்பது வருஷமாக வெள்ளிக்கிழமை பிறந்தவன் என்று சொல்லிக்கொண்டு திரிந்த மனுஷர். (அந்தத் தேதியே ஹெட்மாஸ்டர் பள்ளியில் சேர்க்கும்போது குத்துமதிப்பாகப் போட்டது என்பது பிற்பாடுதான் தெரிந்தது.)

காகிதத்தை அங்கேயும் இங்கேயும் திருப்பிப் பார்த்துவிட்டு அப்பா சொன்னார்: "பிள்ளையாரைப் பின்னால தள்ளினா இப்படித்தான் சொல்லும்."

மறுநாள், நடந்ததையெல்லாம் கேள்விப்பட்ட டைரக்டர் எங்கள் மூவரையும் கூப்பிட்டார். எனக்கா கேசவனுக்கா என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். "இந்த மெஷினைப் புரிந்துகொண்டவர் இங்கே ஒருவர்தான்" என்று சொல்லி, புரோகிராமர் வேலையை மஸ்தான் பாய்க்குக் கொடுத்தார். நாங்கள் இருவரும் டைப்ரைட்டருக்குத் திரும்பினோம். அன்று பஸ்ஸில் வீடு வரைக்கும் அழுதேன், பொய் சொல்வானேன். ஆனால் மறுவாரமே மத்தியானத்தில் தயிர்சாதத்தோடு மஸ்தான் பாய் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன். "இன்னாம்மா, ஜாப் கார்டு கொண்டாந்தியா?" என்று சிரித்தபடி நாற்காலியை இழுத்துப் போட்டார். எட்டு மாதத்தில் அவருக்குக் கீழே இன்னொரு புரோகிராமர் இடம் வந்தது. அதில் சேர்ந்தவள், ரிட்டையராகும்வரை எழுந்திருக்கவில்லை.

எங்கள் வீட்டில் யாராவது விஷயத்துக்கு வராமல் சுற்றி வளைத்தால் "முதல்ல ஜாப் கார்டைப் போடு" என்பது இன்றைக்கும் வழக்கம். என் கல்யாணத்துக்கே அது வந்துவிட்டது. அப்பா பத்திரிகையைக் கொண்டுபோய் மஸ்தான் பாயிடம் நீட்டினார். வாங்கிப் பார்த்த பாய், உச்சியில் இருந்த பிள்ளையார் சுழியை விரலால் தொட்டு, "நைனா, இவரு மேலயே குந்திக்கினு கீறாரே, கல்யாணம் ஓடுமா?" என்றார்.

அப்பா அசரவில்லை. "இது பழைய மெஷின், பாய். இதுல அவருதான் முதல்ல."