கயிறு கட்டிய அவசரப் பெட்டி

மூன்றாம் மாடி அவசரப் பெட்டியில் இருந்த கத்தியைக் காணவில்லை. பாதுகாப்பு ஆய்வாளர் வருவதற்கு இன்னும் மூன்றே நாள்.

கிடங்குப் பொறுப்பாளர் படியேறிப் போய்த் தேடினார். கத்தி கணக்காளரின் மேசைமேல், பாதி தோல் சீவிய ஆப்பிளுக்குப் பக்கத்தில், ஒரு பாவமும் அறியாததுபோல் படுத்திருந்தது.

"இது ஆபத்துக் காலத்துக்குன்னு வாங்கின கத்தி!"

"பசி உயிர் போகுது சார். அதுவும் ஆபத்துதானே?" என்றார் கணக்காளர். "ஆனா கத்தி அருமை. தோல் காகிதம் மாதிரி வருது. உங்க தேர்வே தேர்வு!"

பாராட்டையும் கத்தியையும் வாங்கிக்கொண்டு அவர் கீழே இறங்கினார்.

அந்த நான்கு மாடி அலுவலகத்தில் மாடிக்கு ஒன்றாக நான்கு அவசரப் பெட்டிகள் வைக்கும் பணி இந்த ஆண்டு அவருக்குத் தரப்பட்டிருந்தது. பெட்டிகள் ஆய்வில் தேறிவிட்டால் அவரே பாதுகாப்புப் பொறுப்பாளர். இரண்டாம் மாடியின் ஜன்னல் அறை அவருக்கு. அதை ஒட்டிய கூடத்துக்குக் கிடங்கும் மாறும். இது மேலாளர் கொடுத்த வாக்கு. பத்தொன்பது ஆண்டுகளாக ஜன்னலே இல்லாத கிடங்கில் உட்கார்ந்து, வெளியே மழையா வெயிலா என்பதை வருகிறவர்களின் தலையைப் பார்த்துத் தெரிந்துகொண்ட மனிதர் அவர். அந்த ஜன்னலை நினைத்தாலே அவருக்கு முகம் மலர்ந்துவிடும்.

ஆகவே பொருள்களைத் தேர்ந்தெடுப்பதில் அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. பதினோரு டார்ச்சுகளைச் சோதித்தார். ஒன்று, தூக்கினாலே தோள் இறங்கியது. இன்னொன்று நெற்றியில் கட்டிக்கொள்வது. கட்டியவருக்கு வழி தெரிந்தது, எதிரில் நின்றவருக்கு எதுவுமே தெரியவில்லை. கைப்பிடியைச் சுற்றினால் எரியும் டார்ச் ஒன்றும் இருந்தது; வெளிச்சம் வருவதற்குள் சுற்றுகிறவருக்கு மூச்சு வாங்கியது. கடைசியில், கீழே விழுந்தாலும் அணையாத ஒரு நடுத்தர டார்ச் தேறியது. கத்தியிலும் அப்படித்தான். மடக்கும்போது விரலைக் கடிக்காத, பிடி வழுக்காத சிவப்புக் கத்தி.

பொருள்கள் மிக நன்றாக அமைந்துவிட்டதுதான் வினையாயிற்று. எல்லோருக்கும் அவை வேண்டியிருந்தன.

ஆப்பிள் விவகாரத்துக்குப் பிறகு, நான்கு கத்திகளையும் கெட்டியான பிளாஸ்டிக் உறையில் போட்டு, நான்கு பக்கமும் உருக்கி ஒட்டினார்.

மறுநாள் காலை, அலமாரிக்கு அடியில் விழுந்த தோட்டைத் தேட யாரோ ஒரு டார்ச்சை எடுத்து, அணைக்காமலே வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். உடனே எல்லா பேட்டரிகளையும் கழற்றி, முதல் மாடி அலமாரியில் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அன்று மதியமே ஒரு பெட்டிக்குள் சாப்பாட்டு டப்பா இருந்தது. அவர் நைலான் கயிறு வாங்கி வந்து, பெட்டிக்கு ஏழு முடிச்சு வீதம் இறுக்கிக் கட்டத் தொடங்கினார்.

தேநீர் கொண்டுவந்த டீ அக்கா அதைச் சற்று நேரம் பார்த்தார். மாடிப்படிக்குக் கீழே சின்ன மின் அடுப்பு வைத்து அலுவலகம் முழுவதற்கும் தேநீர் போடுபவர் அவர். யாராவது படியேறினால் மேலிருந்து தூசி விழும்; அவர் கை தானாகவே போய்ப் பால் பாத்திரத்தை மூடும்.

"சார், இந்தக் கயித்தை எதை வெச்சு அறுப்பீங்க?"

"அதான் உள்ளே கத்தி இருக்கே அக்கா."

"சரிதான்" என்று டம்ளரை நீட்டினார் அக்கா. "அந்த ஆய்வாளருக்கு வருஷா வருஷம் நான்தான் டீ குடுக்கறேன். பெட்டி அழகா இருக்கான்னு அவர் பாக்கவே மாட்டார். 'இருட்டுல நீங்களே இதைத் திறந்து பாத்தீங்களா?'ன்னுதான் கேப்பார். இதுவரைக்கும் ஒருத்தரும் ஆமான்னு சொன்னதில்ல."

"நீங்க டீயைப் பாருங்க அக்கா. பெட்டியை நான் பாத்துக்கறேன்."

ஆய்வு நாள் வந்தது. கைபேசியை மேலாளரின் மேசையில் மறந்து வைத்துவிட்டு, அவர் கிடங்கில் நான்காம் பெட்டியின் ஏழாம் முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தார். திடீரென்று விளக்கு அணைந்தது. கதவும் சாத்திக்கொண்டது.

எழுந்துபோய்த் தள்ளினார், திறக்கவில்லை. கூப்பிட்டார், அட்டைப்பெட்டிகள் குரலை விழுங்கிவிட்டன. கரப்பான் நுழையக் கூடாதென்று கதவின் அடியில் அவரே ரப்பர் பட்டை அடித்திருந்தார். அதனால் வெளிச்சமும் நுழையவில்லை.

"அட, கையிலேயே அவசரப் பெட்டி இருக்க என்ன கவலை?" என்று தமக்குத்தாமே சிரித்துக்கொண்டார்.

முடிச்சுகள் அவர் போட்டவை, அசையவில்லை. நகத்தாலும் பல்லாலும் போராடி ஏழையும் அவிழ்க்க அரை மணி நேரம் ஆனது. டார்ச்சை எடுத்துப் பொத்தானை அழுத்தினார். இருட்டு இருட்டாகவே இருந்தது. பேட்டரி அலமாரியின் சாவி மட்டும் சட்டைப் பையில் பத்திரமாக இருந்தது. சரி, கத்தியையாவது எடுத்துத் தாழ்ப்பாளை நெம்பலாம் என்று பார்த்தார். கத்தியின் உறையைக் கிழிக்க ஒரு கத்தி தேவைப்பட்டது.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கதவு திறந்தது. கண் கூசும் வெளிச்சத்தில் ஆய்வாளர், மேலாளர், அவர்களுக்குப் பின்னால் தேநீர்த் தட்டுடன் டீ அக்கா.

"இருட்டுல உக்காந்து என்ன பண்றீங்க?" என்றார் மேலாளர்.

பொய் சொல்ல அவருக்கு வராது. பல்லிடுக்கில் நைலான் நார் வேறு. "பெட்டியைத் திறந்து பாத்தேன் சார். கயிறு கட்டினது தப்பு. பேட்டரியைக் கழட்டினது தப்பு. கத்தியை ஒட்டினது மகா தப்பு. மூணும் நான் பண்ணினதுதான்."

ஜன்னல் அறை கைநழுவிப் போவது அவர் கண்ணுக்கே தெரிந்தது.

ஆய்வாளர் அவரருகில் குந்தி, பெட்டியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இருபது வருஷமா பாக்கறேன். தன்னையே உள்ளே அடைச்சுக்கிட்டு சோதிச்ச முதல் ஆள் நீங்கதான்!"

"ஐயோ, இல்லைங்க. கதவு தானா மூடிக்கிச்சு..."

"தன்னடக்கம் வேறயா! அந்த மூணையும் இன்னிக்கே சரிபண்ணிடுங்க. நான் கையெழுத்துப் போடறேன்."

மாலையில், எல்லா முடிச்சுகளையும் அவிழ்த்து, பேட்டரிகளைப் போட்டு, உறைகளைக் கிழித்துவிட்டு, ஜன்னல் அறையில் போய் உட்கார்ந்தார். வெளியே மெல்லிய தூறல். எவர் தலையையும் பாராமல் மழையைப் பார்ப்பது பேரின்பமாக இருந்தது. டீ அக்கா தேநீருடன் வந்தார்.

"ஒண்ணு மட்டும் புரியல அக்கா. கரண்ட் போன அதே நேரத்துல கதவு எப்படித் தானா மூடிச்சு?"

அக்கா டம்ளரை ஜன்னலோரம் வைத்தார்.

"கரண்ட் எங்க சார் போச்சு? வெளியில சுவிட்சை அணைச்சதும் நான்தான், தாழ் போட்டதும், அவங்க வர்றதுக்கு முன்னாடி அதை எடுத்ததும் நான்தான். உங்களுக்கு ஜன்னல் கெடைச்சாத்தானே, தூசி விழாத அந்தக் கிடங்கு ரூம் காலியாகி என் அடுப்புக்குக் கெடைக்கும்?"