நானூற்றுப் பன்னிரண்டு படங்களும் ஒரு கட்டைவிரலும்

அன்புள்ள அண்ணாவுக்கு, தங்கை வணக்கத்துடன் எழுதுவது. இறைவன் கருணையால் இங்கு எல்லோரும் நலம். அங்கு நீங்களும் அண்ணியும் நலமாயிருக்கத் தினமும் வேண்டிக்கொள்கிறேன். நானே எழுத்துக்கூட்டிக் கற்ற தமிழ், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

சென்ற ஞாயிறு மாலை எங்கள் கூடத்தில் இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், மூத்தவள், இளையவள், மூத்தவளுக்குப் பேசி முடித்திருக்கும் பையன், அவனுடைய அம்மா. ஆக ஆறு பேர். கடவுளையும் சேர்த்தால் ஏழு. அவர் எப்போதும் இருப்பதால் தனியாக எழுதவில்லை.

சம்பந்தியம்மா ஆல்பம் பார்க்க ஆசைப்பட்டார். ஒன்பது ஆல்பங்களையும் தூசி தட்டி எடுத்துக் கொடுத்துவிட்டு நான் காபி போடப் போனேன். திரும்பி வந்து எல்லோருக்கும் காபி கொடுத்துவிட்டுப் பார்த்தால், அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருக்கிறார். என் கையைப் பிடித்து, "பெத்த பிள்ளைங்க மாதிரியே பாத்துக்கறீங்க. இவங்க அம்மா போய் எத்தனை வருஷமாச்சு?" என்றார். என் வீட்டுக்காரருக்குக் குடித்த காபி மூக்கு வழியாக வந்தது. இளையவள் இருக்கிறாளே, அந்த வாயாடி, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "நான் பொறக்கறதுக்கு முன்னாடியே போயிட்டாங்க அத்தை" என்றாள். அவரும் "அடப் பாவமே!" என்று அவள் தலையைத் தடவிவிட்டு, அதன் பிறகுதான் விரல் விட்டுக் கணக்குப் பார்க்க ஆரம்பித்தார்.

"நான்தாங்க அந்த அம்மா!" என்று கத்தினேன். "அப்படித்தான் சொல்லணும். உங்களுக்குப் பெரிய மனசு" என்கிறார். வேறு வழியில்லாமல் காபித் தட்டை வைத்துவிட்டு என் இருப்பை நிரூபிக்க உட்கார்ந்தேன். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு படங்கள், எல்லாம் என் படக் கணக்கு நோட்டில் தேதியோடு இருக்கின்றன. அவற்றில் என் கட்டைவிரல் மட்டும் மூலையில் தெரிவது இருபத்துமூன்று, தரையில் என் நிழல் விழுந்தது ஆறு, அலமாரிக் கண்ணாடியில் நான் தெரிவது ஒன்று, அதிலும் முகத்தைக் கேமரா மறைத்துக்கொண்டிருக்கிறது. எடுப்பவள் நான் என்றால் எங்கிருந்து வருவேன்? சம்பந்தியம்மா என் கட்டைவிரலை இழுத்துப் படத்துக்குப் பக்கத்தில் வைத்து, இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பை ஒப்பிட்டு, போலீஸ்காரர் மாதிரி, "விரல் ஒத்துப்போகுது, மறுக்கல. முகம் இல்லையே. அடுத்த ஞாயிறு வர்றேன், நல்லா தேடி வைங்க" என்று சொல்லிப் போனார்.

வந்த கோபத்துக்கு என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன். இருபத்தாறு வருஷத்தில் ஒரு நாளாவது 'நீ போய் நில்லு, நான் எடுக்கறேன்'னு வாயைத் திறந்திருப்பாரா? "எடுத்திருக்கேன்டி. நிறைய எடுத்திருக்கேன். எங்க போச்சுன்னுதான் தெரியல" என்கிறார். "கால் முளைச்சு நடந்து போயிடுச்சா?" என்று கேட்டேன்.

அதோடு விட்டிருப்பேன் அண்ணா. ஆனால் மூத்தவள் அடுப்படிக்கு வந்து, "நான் பொறந்தப்போ நீ எப்படிம்மா இருந்தே? எனக்கே தெரியாதே" என்றாள். அது சுருக்கென்று தைத்துவிட்டது. அந்தக் குழந்தைப் படங்களை எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் குழந்தை இருக்கிறது, மூலையில் கட்டைவிரல் இருக்கிறது, விரலுக்குச் சொந்தக்காரியைக் காணோம். யார் மடியில் வளர்ந்தோம் என்று பிள்ளைகள் நாளைக்குத் திரும்பிப் பார்த்தால், அங்கே ஒரு முகம் இருக்க வேண்டாமா? கடவுளுக்கு எல்லாம் தெரியும், சம்பந்தியம்மாவுக்குப் படம் காட்டினால்தான் தெரியும். மூத்தவள் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் உங்கள் கேமராவில் ஒரு படம் எடுத்தீர்களே, நான் அவளை மடியில் வைத்துக்கொண்டு இருப்பது, அதை ஞாயிறுக்குள் வந்து சேரும்படி அனுப்புங்கள்.

அண்ணிக்கு என் அன்பு. இறைவன் உங்கள் இருவருக்கும் நோய் நொடியில்லாத நாட்களைத் தரட்டும்.

அன்புத் தங்கை

பின் குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் எண்களைச் சரிபார்க்கலாம் என்று நோட்டை எடுத்தேன். கடைசிப் பக்கத்தில், என் கையெழுத்தில்தான், இப்படி இருக்கிறது: "என் முகம் விழுந்த படங்கள் முப்பத்தொன்று. கண் மூடியது ஒன்பது, வாய் பிளந்தது நாலு, குண்டாகத் தெரிவது பதினேழு. கிழித்தது முப்பது. மீதி ஒன்று அண்ணனிடம் மாட்டிக்கொண்டது, கேட்டு வாங்கிக் கிழிக்கவும்." ஆகவே என் வீட்டுக்காரர் சொன்னது நிஜம்தான். அது அவருக்குத் தெரிய வேண்டாம். இறைவனிடம் சொல்லிவிட்டேன், அவர் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. படத்தை மூத்தவள் பெயருக்கு அனுப்புங்கள், என் கையில் கிடைக்கும்படி வேண்டாம், என்னை எனக்குத் தெரியும். பதிலை மட்டும் எனக்குச் சீக்கிரம் எழுதுங்கள்.