குழி பறித்தது அரசாங்கம் மட்டுமல்ல

எங்கள் தெருவில் ஒரு பிடி மண்ணைக்கூட அரசாங்கம் தோண்ட விடுவதில்லை என்று சபதம் எடுத்தேன். எடுத்த பிறகுதான் எப்படி என்று யோசித்தேன். என் சபதங்கள் எல்லாமே அந்த வரிசையில்தான் நடக்கும்.

நான் ஒரு தனியார் இன்டர்நெட் கம்பெனியில் விற்பனை அதிகாரி. நாடு முழுக்க வீட்டுக்கு வீடு கண்ணாடி இழைக் கேபிள் போடப் போவதாக அரசாங்கம் திடீரென்று அறிவித்துவிட்டது. அன்றிலிருந்து எங்கள் துறையில் யாராலும் நாற்காலியில் உட்கார முடியவில்லை. பெரிய கம்பெனிகள் ராத்திரியோடு ராத்திரியாக விலையைக் குறைத்தன. சின்னக் கம்பெனிகள் தங்களை வாங்க ஆள் தேடின. இரண்டுக்கும் நடுவில் இருந்த நாங்கள் நகம் கடித்தோம். நகம் தீர்ந்ததும் மேனேஜர் எங்களைக் கடித்தார்.

அவருக்கு நெட்டை என்று பெயர். ஆள் குள்ளம்தான். நெட் விற்பதால் நெட்டை.

"கேபிளுக்காகவா தோண்டுறாங்க? நமக்குக் குழி பறிக்கிறாங்கய்யா! தெருவுல பாதி வீடு சம்மதிச்சாத்தான் தோண்டுவாங்களாம். அவங்கவங்க தெருவை அவங்கவங்க தடுக்கணும். முடியாதவன் வேலையை மறந்துடலாம்."

வீட்டுக்கு ஓடினேன். மனைவி கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள். வெளியூரில் படிக்கும் மகள் திரையில் வாயைப் பிளந்தபடி உறைந்து கிடந்தாள்.

"என்னங்க, உங்க கம்பெனி லைன்ல இவ 'அ'ன்னு வாயைத் திறந்து 'ம்மா' வர்றதுக்குள்ள நான் பாலைக் காய்ச்சி, இறக்கி, ஆத்தியே முடிச்சிடுறேன்."

"ஸ்டாஃப் லைன்மா. ஓசியில வர்றது மெதுவாத்தான் வரும்."

"அப்போ உங்க சம்பள உயர்வும் ஓசியிலதான் வருதா?"

தெருவில் நான் சொன்னால் சிரிப்பார்கள். அவள் சொன்னால் கேட்பார்கள். ஆகவே விஷயத்தைச் சொன்னேன். வீடு வீடாகப் போய் அவள்தான் தடுக்க வேண்டும்.

"எனக்கு இதைப் பத்தி என்னங்க தெரியும்?"

"நான் சொல்லித் தர்றேன்."

சனி என் நாக்கில் உட்கார்ந்த நேரம் அது.

கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தபடியே பாடம் நடத்தினேன்.

"எதிர்த்துப் பேசுறவங்க என்ன கேப்பாங்கன்னு தெரியணும்ல? நம்ம ஓட்டை உடைசலையெல்லாம் முதல்ல சொல்லுங்க," என்றாள்.

புத்திசாலி! என்று பூரித்துப்போனேன்.

"சாயந்திரம் ஏன் வேகம் குறையுது தெரியுமா? ஒரு தெருவுக்கான லைனை மூணு தெருவுக்குப் பங்கு போடுறோம்."

"அடப் பாவமே!"

"இந்தப் பக்கம் வேற கம்பெனி கிடையாது. அதனால நாங்க வெச்சதுதான் விலை."

"அரசாங்கக் கேபிள் வந்தா?"

"அங்கதான் ஆபத்தே. எந்தக் கம்பெனியும் அதை வாடகைக்கு எடுத்து விக்கலாம். பிடிக்கலன்னா ஜனங்க மாறிடுவாங்க. நாங்க வேகத்தையும் கூட்டணும், விலையையும் குறைக்கணும்."

"ஐயோ, எவ்வளவு பெரிய அநியாயம்!" என்றாள்.

எது அநியாயம் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

தினமும் நல்ல செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். எப்படிப் போகிறது என்று கேட்டால், "நீங்க சொன்னதைத்தான் அப்படியே சொல்றேன்" என்பாள். ஆனாலும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. லாரி சத்தம் கேட்டால் ஜன்னலுக்கு ஓடினேன். எதிர்வீட்டில் மிக்ஸி ஓடினாலும் ஓடினேன்.

ஒருநாள் காலையில் கேட்ட சத்தம் மிக்ஸி இல்லை. தோண்டும் இயந்திரம். அதுவும் என் வாசலிலிருந்தே ஆரம்பித்திருந்தார்கள்.

"யார் சம்மதிச்சா?" என்று பாய்ந்தேன்.

"எல்லா வீடும் சார். உங்க வீடும்தான்," என்றார் மேஸ்திரி.

எதிர்வீட்டுப் பல் டாக்டர் ஓடிவந்து என் கையைக் குலுக்கினார். "ரொம்ப நன்றி சார்! ஒரு லைனை மூணு தெருவுக்குப் பங்கு போடுறீங்கன்னு உங்க வீட்டம்மா சொன்னப்புறம்தான் எங்களுக்குக் கண்ணே திறந்துச்சு."

அவர் பிறர் வாயைத் திறக்க வைப்பவர். அன்று கருவி எதுவும் தேவைப்படவில்லை.

உள்ளே போய்க் குதித்தேன். "தடுக்கச் சொன்னா இப்படிப் பண்ணிட்டியே!"

"நீங்க சொன்னதுல ஒரு வார்த்தை மாத்தலீங்க. கேட்டவங்க இப்படி முடிவு எடுத்தா நான் என்ன பண்ணுவேன்?"

"என் வேலை போயிடும்!"

"ஏன் போகுது? அரசாங்கம் கேபிள்தானே போடுது. விக்கிறதுக்கு ஆள் வேணாமா? அதை வாடகைக்கு எடுங்கன்னு உங்க நெட்டைகிட்ட சொல்லுங்க."

"உனக்கு வியாபாரம் தெரியாது!" என்று கத்தினேன். அதோடு ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. தினமும் எங்கோ கிளம்பிப் போனாள். எங்கே என்று கேட்டால் என் கோபம் கலைந்துவிடும் என்பதால் கேட்கவில்லை.

அடுத்த வாரம் நெட்டை கூப்பிட்டார். கழுத்தைப் பிடித்துத் தள்ளப் போகிறார் என்று நினைத்தபடி போனேன்.

"எல்லாத் தெருவும் போச்சுய்யா. பெரிய கம்பெனியெல்லாம் அரசாங்கக் கேபிளையே வாடகைக்குக் கேட்டு வரிசையில நிக்குது. நாமும் கேட்டாத்தான் பிழைப்போம். நம்ம பகுதிக்குப் புதுசா ஒரு பொறுப்பாளர் வந்திருக்காங்களாம். ரொம்பக் கறாராம். காலைப் பிடிச்சாவது சம்மதம் வாங்கிட்டு வா."

அரசாங்க அலுவலக வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். பேச வேண்டியதைச் சுவரிடம் பேசிப் பார்த்தேன். சுவர் சம்மதித்தது. கூப்பிட்டார்கள். கும்பிட்டபடியே உள்ளே நுழைந்து நிமிர்ந்தேன்.

மேஜைக்குப் பின்னால் என் மனைவி.

"நீயா!"

"உட்காருங்க சார். சம்மதம் வாங்கித் தர ஆள் எடுத்தாங்க, நானும் சேர்ந்துட்டேன். நம்ம தெருதான் முதல்ல முடிஞ்சது. இந்தத் துறையைப் பத்தி என்ன கேட்டாலும் சொல்றேன்னு என்னையே பொறுப்பாளரா போட்டுட்டாங்க. சரி, உங்க கம்பெனிக்குக் கேபிள் தர்றேன். ஒரு லைனை மூணு தெருவுக்குப் பங்கு போடக் கூடாது. சாயந்திரம் வேகம் குறையக் கூடாது. விலையை உங்க இஷ்டத்துக்கு ஏத்தக் கூடாது. சம்மதமா?"

தலையாட்டினேன். மறுபடியும் ஆட்டினேன். பக்கத்து மேஜைக்காரர் வேலையை விட்டுவிட்டு என்னையே பார்த்தார்.

அவள் கண்ணாடியை இறக்கி என்னை உற்றுப் பார்த்தாள்.

"என்ன சார், தலையை மட்டும் ஆட்டிட்டு இருக்கீங்க? இது வீடு இல்ல. இங்க நீங்க தாராளமா வாயைத் திறந்து பேசலாம்."