கருப்பா இருந்தா தார் ரோடா?

கோவில்பட்டி சுற்றுவட்டாரத்தில் மனுசனை முகத்தை வைத்து அடையாளம் கண்டுபிடிக்கத் தெரியாத ஒரே ஆள் பஞ்சர் அண்ணாச்சிதான். டயரைக் காட்டினால் போதும். எந்த ஊர், எந்த வழியாக வந்தான், எதுக்கு வந்தான், எல்லாம் சொல்லிவிடுவார்.

பைபாஸ் ஓரத்தில் பஞ்சர் கடை. நான் லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். தீப்பெட்டி பண்டல் ஏற்றுவேன். ரொம்ப வருசமாக அவர் கடையில்தான் காற்று. அவருடைய சொந்தப் பேர் எனக்குத் தெரியாது. கேட்டதில்லை.

டயரில் ஜல்லி இருந்தால் மணியாச்சி வழி. தையல் ஊசி இருந்தால் வீட்டுக்கு வீடு துணி தைக்கிற புதியம்புத்தூர். ஒருநாள் ஒருத்தர் பொண்டாட்டியைப் பின்னால் வைத்துக்கொண்டு பைக்கில் வந்தார். அண்ணாச்சி டயரிலிருந்து ஊசியைப் பிடுங்கினார்.

“நேத்து புதியம்புத்தூர்ல என்ன சோலி தம்பி?”

“நேத்து இவிய எட்டயபுரம்லா போனாவ?” என்றார் அந்த அம்மா.

அதுக்குப் பிறகு அந்த மனுசன் வேறு கடையில்தான் காற்று அடிக்கிறார்.

இப்படிப்பட்டவர் கையில் போன் வந்தது. போனில் ஒரு மேப் படம் வந்தது. ஊர் ஊராக ரோடு, கண்மாய், கோயில், பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் பொதுசனமே வரைந்து வைக்கிற படம். யாருக்கும் சம்பளம் கிடையாது. யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். அனுப்பினதும் ஏறிவிடாது. அதில் பழகின ஒருத்தர் பார்த்து, சரி என்று சொன்னால்தான் ஏறும்.

அந்தப் படத்தில் அண்ணாச்சி கடை கண்மாய்க்கு நடுவில் இருந்தது.

“நான் என்ன கெண்டை மீனாலே?” என்று குதித்தார். அன்றைக்கே திருத்தம் எழுதினார். கலெக்டருக்கு மனுக் கொடுத்துப் பழகின கை. எங்கள் பக்கத்துத் திருத்தங்களைப் பார்க்கிறவர் தன் பேரை ‘நீலக்குருவி’ என்று வைத்திருந்தார். ஆணா பெண்ணா தெரியாது. எந்த ஊர் என்றும் தெரியாது. அண்ணாச்சி அதெல்லாம் பார்க்கவில்லை. “உயர்திரு நீலக்குருவி அவர்கள் சமூகத்துக்கு” என்று ஆரம்பித்தார். பொருள், பார்வை, இப்படிக்கு எல்லாம் போட்டார். அவர் வாயால் சொல்லச் சொல்லப் போனே எழுதிக்கொண்டது; மூன்று பக்கம் வந்தது.

அடுத்து ஒரு சிக்கல். டியூபில் உப்புத்தாள் தேய்த்துத் தேய்த்து அவர் விரலில் ரேகையே கிடையாது. மிச்சம் இருந்த இடத்தில் கிரீஸ். அனுப்புகிற பச்சைப் பொட்டை அமுக்கினால் போன் அவர் விரலை மதிக்கவில்லை. காற்றடிக்க வந்தவரிடம் நீட்டினார்.

“ஓய், இந்தப் பச்சைப் பொட்டுல உம்ம விரலை வையும்.”

“வைக்க மாட்டேன் அண்ணாச்சி. எங்க அப்பாரு இப்படித்தான் ஒருத்தன் கேட்டான்னு விரலை வச்சாரு. ரெண்டு குறுக்கம் நிலம் போச்சு.”

கடைசியில் என் விரல். அன்றிலிருந்து திருத்தம் சொல்வது அவர் வேலை. பச்சைப் பொட்டை அமுக்குவது என் வேலை.

அனுப்பி முடித்தால் மனுசன் மனுசனாக இருக்க மாட்டார். சோறு இறங்காது. ஒரு நட்டைக் கழற்றுவார், போனைப் பார்ப்பார். அடுத்த நட்டைக் கழற்றுவார், போனைப் பார்ப்பார். “என்னலே, குருவி ஒண்ணும் சொல்லல?” என்று என்னிடம் கேட்பார். எனக்கு எப்படித் தெரியும்?

நாலாம் நாள் பதில் வந்தது. “ஒரு வரி போதும் ஐயா. ஏற்றியாயிற்று.” அண்ணாச்சி கடையைக் கண்மாயிலிருந்து கரையேற்றிவிட்டார்கள். கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அன்று காற்று இலவசம்.

அதோடு விட்டாரா? இல்லை. டயர் டயராக விசாரித்து, முப்பத்தொரு திருத்தத்தை ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பினார். மூட்டையோடு திரும்பி வந்தது. “ஒவ்வொன்றாக அனுப்பவும். ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் வேண்டும்.”

“என்னைய ஆதாரம் கேக்குதாம்லே குருவி” என்று அன்று முழுக்க வந்த டயர்களிடமெல்லாம் முறையிட்டார்.

இது வரைக்கும் எனக்குச் சிரிப்புத்தான். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

என் மகள் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். ஐப்பசியில் நாள் சொல்லியிருந்தார்கள். என் ஊர் எட்டயபுரம் போகிற வழியில் உள்ளே தள்ளி இருக்கிறது. மெயின் ரோட்டிலிருந்து இரண்டு வழி. ஒன்று சுற்றிப் போகிற தார் ரோடு. இன்னொன்று கரிசல் காட்டு வழியாகக் குறுக்கே போகிற வண்டிப்பாதை. கோடையில் போகலாம். ஒரு மழை விழுந்தால் அந்த மண் டயரைப் பிடிக்கும். பிடித்தால் விடாது. போன வருசம் ஒரு டிராக்டர் எட்டு நாள் கிடந்தது.

படத்தில் அந்த வண்டிப்பாதையைத் தார் ரோடு என்று போட்டிருந்தது. மேலே வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து யாரோ வரைந்தது. கருப்பாக இருந்தது. தார் என்று நினைத்துவிட்டார்கள்.

நான் பெரும்பாலும் லோடில் இருப்பேன். ஆம்புலன்ஸைத்தான் நம்பியிருந்தோம். வெளியூர் டிரைவர் வந்தால் படத்தைப் பார்த்துத்தான் வருவார். சிக்னல் இல்லாவிட்டாலும் அந்தப் படம் வேலை செய்யும். கிட்டத்து வழி என்று பாதைக்குள் விட்டுவிட்டால் முடிந்தது.

அண்ணாச்சியிடம் ஒரே ஒரு தடவை சொன்னேன். “என் மக அங்கன இருக்கா.”

கையில் இருந்த டியூபைத் தொட்டித் தண்ணிக்குள் அப்படியே விட்டுவிட்டார்.

அன்றே திருத்தம் போனது. ஒரு வரிதான். பதிலும் ஒரு வரிதான். “மேலிருந்து பார்த்தால் தார்ச்சாலை. ஆதாரம்?”

நேரில் போய்ப் போட்டோ எடுத்தார். டிராக்டர் ஓடி ஓடிப் பாதை வழவழவென்று கிடந்தது. போட்டோவிலும் தார் மாதிரியே விழுந்தது. குருவி திருப்பிவிட்டது.

எங்கள் நிலைமை இதுதான். மழை வந்தால்தான் ஆதாரம் கிடைக்கும். மழை வரும்போது பிள்ளையும் வந்துவிடும்.

அண்ணாச்சி இரண்டு நாள் வானத்தையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த இரண்டு நாளில் இரண்டு டியூப் காற்று நிறைந்து வெடித்தது. மூணாம் நாள் என்னிடம் வந்தார்.

“ஏலே, மழை வராட்டா என்ன? நாம பெய்வோம்.”

நாலு டிரம் தண்ணீரை என் வண்டியில் ஏற்றினோம். பாதையில் ஊற்றினோம். காய்ந்த மண் நாலு டிரம்மையும் குடித்துவிட்டு ஒன்றும் தெரியாதது மாதிரி இருந்தது. ஊருக்குப் போய் இன்னும் நாலு. அப்புறம் இன்னும் நாலு. ஆடு மேய்க்கிறவர் ஒருத்தர் கம்பை ஊன்றிக்கொண்டு நின்று பார்த்தார்.

“ஏன்வே, ரோட்டுக்கா தண்ணி பாய்ச்சுதீரு? என்ன வெள்ளாமை?”

“ஆதாரம்” என்றார் அண்ணாச்சி.

பன்னிரண்டாவது டிரம்மில் மண் களியாயிற்று. “விடுலே வண்டியை” என்றார். விட்டேன். முன் சக்கரம் களிக்குள் போனது. பின்னாலேயே மற்றதும் போனது. அண்ணாச்சி இறங்கித் தள்ளினார். செருப்பு உள்ளே போனது. காலைத் தூக்கினார். யானைக் கால் மாதிரி மண். “எடுலே போட்டோ! காலை எடு! டயரை எடு!” என்று கத்தினார். எடுத்தேன். வண்டியை வெளியே எடுக்கத்தான் சாயங்காலம் வரை ஆயிற்று. ஆட்டுக்காரரும் சேர்ந்து தள்ளினார்.

போட்டோ போனது. மறுநாள் பதில் வந்தது. “நேரில் பார்த்த இன்னொருவரும் எழுதினால் ஏற்றலாம்.”

அண்ணாச்சி போனை என்னிடம் நீட்டினார். நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவன். வண்டிக் கடனுக்குப் பாரம் நிரப்பினதுக்குப் பிறகு எழுதினதே இல்லை. ஒரு மணி நேரம் ஆயிற்று.

“வண்டி என்னுது. மாட்டிக்கிட்டது. மழையில் இது பாதை இல்லை. என் மகள் இந்த ஊரில் இருக்கிறாள்.”

அண்ணாச்சி வாங்கிப் படித்தார். “இவ்வளவுதானாலே? ஒரு ‘பணிவுடன்’ போடக் கூடாதா?”

பச்சைப் பொட்டை அமுக்கினேன்.   

அன்று பதில் இல்லை. மறுநாளும் இல்லை. தெற்கே வானம் இருண்டுகொண்டு வந்தது. அண்ணாச்சி கடைக்குப் பாதிக் கதவுதான் திறந்தார். கேட்டால், “யாவாரம் ஓடல” என்றார். வெளியே நாலு வண்டி நின்றது.

மூணாம் நாள் காலையில் வந்தது. “ஏற்றியாயிற்று. அதைத் தார் என்று வரைந்தது நான்தான். மன்னிக்கவும். மகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.”

அண்ணாச்சி அதை நாலு வண்டிக்காரர்களுக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினார்.

அதற்கு அடுத்த நாள் மத்தியானம் மழை பிடித்தது. நான் தூத்துக்குடி ரோட்டில் லோடோடு இருந்தேன். வீட்டுக்காரி போன் போட்டாள். வலி. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று. நான் வண்டியைத் திருப்பினேன். கண்ணாடியில் மழை. மனசில் அந்தப் பாதை ஒன்றுதான் இருந்தது. பாதை முனை வந்ததும் இறங்கிப் பார்த்தேன். டயர்த் தடம் இல்லை. அதுக்கு அப்புறம்தான் மூச்சு வந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெண் பிள்ளை. இரண்டு பேரும் நல்லா இருந்தார்கள்.

ஆம்புலன்ஸ் டிரைவர் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். சின்ன வயசு. கையைப் பிடித்துக்கொண்டேன். “படத்தைப் பாத்து சுத்து வழியா வந்துட்டீங்க” என்றேன்.

“படமா?” என்றார். “நான் பக்கத்து ஊருதான் அண்ணே. படம்லாம் பாக்க மாட்டேன். மழைக்கு அந்தப் பாதையில எவனாது வண்டிய விடுவானா?”

மறுநாள் கடைக்குப் போனேன். அண்ணாச்சி என் டயரைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தார்.

“ரெண்டு உசிரும் நல்லாருக்கா?”

“நல்லாருக்கு. பொம்பளப் பிள்ள.”

கைத் துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். துடைத்த கையையே திரும்பத் துடைத்தார். “வண்டி எந்த வழியாலே வந்துது?”

“சுத்து வழிதான்.”

“படத்தைப் பாத்துத்தான் வந்தானா?”

“ஆமா அண்ணாச்சி. படத்தைப் பாத்துத்தான்.”

பழைய டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். 

நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. பேசினதில் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்தப் பொய்தான்.